வேட்டி கட்டிய தூண்

இத்தாலியின் பலேர்மோவில் அரபிகள் தங்கள் அடையாளத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் வந்த நோர்மானிய அரசர்களும் விட்டுப் போயிருக்கிறார்கள். நானும் ஒன்றை விட்டிருக்கிறேன். அவர்கள் கல்லாலும் தங்கத்தாலும் செய்ததை நான் பழப்புளியால் செய்தேன் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன். (எங்கள் மன்னார் ஆட்களுக்கு மாதா இருக்கும் இடமும் கோயில்தான். 'தேவாலயம்' என்று கலியாண அழைப்பிதழில் மட்டும் எழுதுவோம்.) வுச்சீரியாச் சந்தையிலிருந்து நடந்து போகிற தூரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் சொன்னால் நீங்கள் போய்ப் பார்ப்பீர்கள். பார்த்தால் சிரிப்பீர்கள். அங்கே கதவைத் திறந்து விடுகிறவன் நான்தான்.

அப்போது நான் பலேர்மோவுக்கு வந்து மூன்றாவது வருடம். ஒரேத்தோப் பகுதியில் ஓர் அறையில் நானும் மச்சான் மரியதாசும் இருந்தோம். மரியதாஸ் என் மனைவி ஜெசிந்தாவின் தமையன். துறைமுகத்தில் கப்பலுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை அவனுக்கு. நான் மூன்று சிஞ்ஞோராமாரின் வீடுகளில் துப்பரவு வேலை செய்தேன். மூவரும் தங்கமான எசமானிகள். வீட்டுத் திறப்பையே என் கையில் தருவார்கள். ஆனால் கொன்றாத்தோ எழுதித் தாருங்கள் என்றால் மூவருக்கும் ஒரே நேரத்தில் காது கேட்காமல் போகும். அந்த வேலை ஒப்பந்தத் தாள் இல்லாமல் மன்னாரிலிருந்து ஜெசிந்தாவைக் கூப்பிட முடியாது. கலியாணம் முடிந்து நாற்பதாம் நாள் விமானம் ஏறியவன் நான். (தொலைபேசியில் குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சண்டை பிடிக்கலாம். சமாதானமாக முடியாது.)

இந்த நேரத்தில்தான் மரியதாஸ் ஒரு செய்தியோடு வந்தான். தமிழ்ப் பூசை நடக்கும் அந்தப் பழைய கோயிலின் சங்கிலித்தாம், அதாவது கோயிலைக் கூட்டித் துடைத்து, மணியடித்து, பூட்டிப் பார்க்கிறவர், ஜெனோவாவில் இருக்கும் மகனோடு போய்ச் சேர்ந்துவிட்டார். பங்குச் சுவாமி தொன் கலோஜெரோ ஆள் தேடுகிறார்.

"மச்சான், உன்னைப் பற்றிச் சொல்லிட்டன்," என்றான். "இவன் துடைச்சால் இலையான் கூட வழுக்கி விழும் எண்டு சொன்னனான். ஒரு மாசம் பாப்பினமாம். பிறகு பழங்காலக் கல்லுகளுக்குப் பொறுப்பான ஒரு தொத்தொரேஸ்ஸா வந்து பாத்து ஓம் எண்டால் கொன்றாத்தோ."

"கல்லுக்கு டொக்டரோ?"

"ஓம். இஞ்சை மனுசருக்குத்தான் டொக்டரைப் பிடிக்க ஆறு மாசம். கல்லுக்கு உடனே வருவினம்."

முதல் நாள் தொன் கலோஜெரோ என்னைக் கூட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றிக் காட்டினார். வயிறு முன்னாலும் அவர் பின்னாலும் வரும் மனிதர். சுவர் முழுதும் மஞ்சள் சுண்ணக்கல். உற்றுப் பார்த்தால் உள்ளே சிப்பித் துண்டுகள் தெரியும். கூரான வளைவுகளை அரபுக் கொத்தர்கள் கட்டினார்களாம். பீடத்துக்கு மேலே பொன்னிறத்தில் மின்னுவது சாயம் அல்ல, கண்ணாடித் துண்டுகளுக்குள் பொற்தகடு வைத்து ஒவ்வொன்றாகப் பதித்தது. நடுவில் இரண்டு வரிசையாக ஆறு சலவைக்கல் தூண்கள். ஆறும் ஆறு விதம். ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு, ஒன்று முறுக்கு.

"ஏன் சுவாமி, அளவெடுக்க மறந்திட்டினமோ?" என்று என் உடைந்த இத்தாலியனில் கேட்டேன்.

"புதிதாய் வெட்டவில்லை, அன்ரோனியோ. இதைவிடப் பழைய கட்டடங்களிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். இதில் சில தூண்கள், இயேசு பிறக்க முன்பே நின்றவை."

பிறகு கைகளை ஆட்டி ஆட்டி நீளமாக அறிவுரை சொன்னார். அவர் சொன்னதில் அறுபது வீதம் எனக்கு விளங்கியது. மென்மையான தூரிகையால் தூசு தட்டு, தரையை ஈரத்துணியால் துடை, மெழுகுதிரிச் சொட்டைச் சுரண்டாதே. தூண்களைப் பற்றிச் சொன்னது மற்ற நாற்பது வீதத்துக்குள் போய்விட்டது. நான் எல்லாவற்றுக்கும் "ஸீ, ஸீ" என்றேன். (விளங்காத இடத்தில்தான் நான் பலமாகத் தலையாட்டுவேன். இன்றைக்கும் அப்படித்தான்.)

வாசலுக்குப் பக்கத்தில் நின்ற தூண் ஒன்றுதான் என் கண்ணை உறுத்தியது. மற்ற ஐந்தும் ஓரளவு வெளுப்பு. இது மட்டும் அடியிலிருந்து ஆளுயரத்துக்கு மேலே வரை கறுத்து, பிசுபிசுத்து, சாப்பாட்டுக்கடைச் சுவர் மாதிரி இருந்தது. கோயிலுக்குள் வருகிற எவரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

முதல் வாரம் நான் அதைத் தொடவில்லை. பீடத்தில் ஆறு பித்தளை மெழுகுதிரித் தண்டுகள் கறுத்துக் கிடந்தன. அவற்றைப் பூசை உடுப்புகள் வைக்கும் சாக்கிறீஸ்து அறைக்குள் கொண்டுபோய், தமிழ்க் கடையில் வாங்கிய பழப்புளியில் உப்புப் போட்டுப் பிசைந்து பூசினேன். எங்கள் வீட்டில் பித்தளைக்குப் புளி பூசினால் ஒரு செபமாலை சொல்லி முடிக்கும் வரை ஊற விடுவது வழக்கம். மணிக்கூடு பார்ப்பதில்லை. ஐம்பத்து மூன்று அருள்நிறை மந்திரம் முடிந்ததும் கழுவினேன். தண்டுகள் புதுப் பெண்ணின் காப்பு மாதிரி மினுங்கின.

தொன் கலோஜெரோ என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். ஞாயிறு பூசையில் பிரசங்கத்தை நிறுத்தி, "இவற்றைப் பாருங்கள்! எங்கள் அன்ரோனியோ!" என்றார். முன் வாங்கில் இருந்த கிழவிகள் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்கள். அன்றைக்கு நான் ஒரேத்தோவுக்கு நடந்து போகவில்லை. மிதந்து போனேன்.

ஜெசிந்தாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"நல்லது," என்றாள். "இனிக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கோ."

"ஏனப்பா?"

"உங்களை ஆரும் புகழ்ந்தால் அதுக்குப் பிறகு நீங்கள் செய்யிறது எனக்குத் தெரியும். எங்கட கலியாணத்தில அப்பா உங்கட பாட்டுக் குரல் நல்லம் எண்டு சும்மா சொல்லப்போக, பந்தி முடியும் வரை பாடினனீங்கள்."

"இது வேற விசயம்."

"எனக்கு அந்தக் கொன்றாத்தோ வேணும். வேற ஒண்டும் வேண்டாம். விளங்குதோ?"

"ஓம், ஓம்," என்றேன். தொலைபேசியிலும் பலமாகத் தலையாட்டினேன்.

தொத்தொரேஸ்ஸா வருகிற நாள் வந்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பகல் ஒரு மணிக்குச் சுவாமி சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார். கோடை வெயிலில் ஒன்றுக்கும் நாலுக்கும் இடையில் பலேர்மோவில் நாய்கூடக் குரைக்காது. கோயிலில் நானும் அந்தக் கறுத்த தூணும் மட்டும் இருந்தோம்.

நான் ஒன்றும் அவசரக்காரன் அல்ல. தொழில் தெரிந்தவன். சிஞ்ஞோராமாரின் வீட்டில் எந்த மருந்தையும் முதலில் மறைவான மூலையில் போட்டுச் சோதித்த பிறகுதான் வெளியே போடுவேன். அதனால் பீடத்துக்குப் பின்னால் போய்க் குந்தினேன். அங்கே தரையில் ஊதா கலந்த சிவப்பில் ஒரு வட்டக் கல் பதித்திருந்தது. அதில் ஒரு விரலளவு புளி வைத்தேன். பக்கத்திலிருந்த வெள்ளைக் கல்லில் வழியாமல் துணியால் அணை கட்டினேன். (எவ்வளவு கவனம் பாருங்கள். அந்த அணையைக் கட்டாமல் விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) கால் மணித்தியாலத்துக்குப் பிறகு துடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கல் முன்பைவிட மினுங்கியது.

கல் என்றால் கல்தானே. சோதனை வெற்றி.

தூணை முதலில் வெந்நீரும் உடுப்புச் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்தேன். கறுப்பு கொஞ்சம் இளகியது. பிறகு புளியை உப்போடு பிசைந்து, அடியிலிருந்து என் கை எட்டும் உயரம் வரை, சுற்றிவர, கேக்குக்கு ஐசிங் பூசுவது போலப் பூசினேன். முன் வாங்கில் முழந்தாளிட்டுச் செபமாலையை எடுத்தேன். செபமாலையில் மகிழ்ச்சி, துக்கம் என்று தியானிக்க வெவ்வேறு தேவ இரகசியங்கள் உண்டு; அதில் ஒன்றைத் தொடங்கினேன். கொன்றாத்தோ கிடைக்க வேண்டுமென்று மனமுருகிச் செபித்தேன். அப்படி ஒரு பக்தியோடு நான் அதற்கு முன்னும் செபித்ததில்லை, பின்னும் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் புளி அமைதியாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செபமாலை முடிந்தது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் உரஞ்சிக் கழுவினேன். ஐயோ, அந்த வெள்ளை! ஈரத்தில் தூண் பால்மாதிரிப் பளபளத்தது. இரண்டடி பின்னால் போய், இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன். நோர்மானிய அரசனே எழுந்து வந்து என் கையைக் குலுக்குவான் போலிருந்தது.

பிறகு அது காயத் தொடங்கியது.

காயக் காயப் பளபளப்பு மேலிருந்து கீழாக இறங்கிப் போனது. மினுக்கம் போன இடத்தில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு செத்த வெள்ளை வந்தது. தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று பூனையின் நாக்கு மாதிரி இருந்தது. என் கை எட்டிய உயரத்தில் கோடு கிழித்தது போல அது முடிந்தது. அதற்கு மேலே பழைய தேன் நிறமும் மினுக்கமும் அப்படியே. பார்த்தால் மாநிறத்தில் ஓர் ஆள் மார்புவரை வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்பது போலிருந்தது.

அப்போதுதான் எனக்கு எங்கள் வீட்டுச் சீமெந்துத் தரை ஞாபகம் வந்தது. மினுக்கிய தரையில் தேசிக்காய்ப் புளி சிந்தினால் வெளுத்துப் போகும், பிறகு தலைகீழாய் நின்றாலும் போகாது என்பது ஆறு வயதிலேயே அடிவாங்கிப் படித்த பாடம். படித்தது ஞாபகம் வர வேண்டிய நேரம் ஒன்று, வந்த நேரம் வேறு.

மினுக்கம்தானே போனது என்று தேங்காயெண்ணெயை எடுத்தேன். (எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் மருந்து தெரியாது. காய்ந்த தலைக்கும் அதுதான், கிறீச்சிடும் கதவுக்கும் அதுதான்.) ஓரிடத்தில் உள்ளங்கையளவு தேய்த்தேன். தூண் அதைத் தாகத்தோடு குடித்தது. வேட்டியில் குழம்புக் கறை மாதிரி மஞ்சளாக ஒரு கைத்தடம் வந்தது.

மரியதாசுக்குப் போன் அடித்தேன். பத்து நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தான். துறைமுகத் தலைக்கவசத்தைக் கூடக் கழற்றவில்லை. தூணைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி தூணைப் பார்த்தான்.

"மச்சான், இது எண்ணூறு வருசத் தூண்."

"இல்லை. இயேசு பிறக்க முந்தினது."

"வாயை மூடு! அவரைத் தப்பவிட்டாலும் விடுவினம், உன்னை விடமாட்டினம்."

"ஒரு வழி சொல்லடாப்பா. உன்ர தங்கச்சியின்ர வாழ்க்கை."

"என்ர தங்கச்சியின்ர வாழ்க்கையில புளி கரைச்சது நீ," என்று சொல்லிவிட்டு அவன் யோசித்தான். மரியதாஸ் யோசித்தால் எனக்குப் பயம். ஆனால் அன்றைக்கு வேறு ஆள் இல்லை.

சாக்கிறீஸ்து அலுமாரியில் எங்கள் மாதா திருநாளுக்குத் தூண் சோடிக்கிற நீல வெள்ளைத் துணிகள் இருந்தன. "ஒண்டை மட்டும் சுத்தினால் சந்தேகப்படுவினம்," என்றான். "ஆறையும் சுத்து." ஆறையும் சுற்றினோம். அடியிலிருந்து தலைக்கு மேல் வரை, மடிப்பு வைத்து, நாடா கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு காகிதப் பூ. வேர்த்து ஒழுகினாலும் வேலையில் குறை வைக்கவில்லை. நாலரைக்கு முடிந்தது. கோயில் அவ்வளவு வடிவாக இருந்தது. தூண்களைப் பார்க்க வருகிற பெண்ணிடமிருந்து தூண்களை முழுதாக மறைத்துவிட்டோம் என்பது இரண்டு பேருக்கும் அப்போது உறைக்கவில்லை.

தொன் கலோஜெரோ நித்திரைக் கண்ணோடு வந்து வாசலில் நின்றார்.

"இன்றைக்கு என்ன பெருநாள்?"

"எங்கட வழக்கம், சுவாமி," என்றான் மரியதாஸ். "பெரிய ஆட்கள் வந்தால் தூணுக்கு உடுப்புப் போடுவோம்."

சுவாமிக்குச் சந்தோசம். "எவ்வளவு மரியாதையான மக்கள்!" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொத்தொரேஸ்ஸா உள்ளே வந்தார். ஒல்லியான பெண், கழுத்தில் ஒரு சிறிய பூதக்கண்ணாடி. சிரிக்காமல் ஆறு தூண்களையும் பார்த்தார்.

"நன்றி," என்றார். "இப்போது கழற்றுங்கள்."

நான் தூரத்திலிருந்த தூணில் தொடங்கினேன். ஒரு நாடாவுக்கு ஐந்து நிமிடம் எடுத்தேன். ஐந்தாவது தூணில் மரியதாஸ் எனக்குக் காதோடு, "எனக்கு வேலைக்கு நேரமாகுது, போயிட்டு வாறன்," என்றான். நான் அவன் பெல்டைப் பிடித்துக்கொண்டேன். ஆறாவது துணி தானாகவே அவிழ்ந்து விழுந்தது.

தொத்தொரேஸ்ஸா கிட்டே போய் மணந்து பார்த்தார். விரலால் தடவினார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"இது யார் செய்தது?"

என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். மரியதாஸ் என் காலை மிதித்தான். இருந்தாலும் பீடத்தில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் பொய் சொல்ல என்னால் முடியாது. "நான்," என்றேன்.

"என்ன போட்டாய்?"

"தமரிந்தோ."

தொன் கலோஜெரோவின் முகம் தெளிந்தது. சிசிலியில் அது கோடையில் குடிக்கிற புளிச் சர்பத். "பாவம், குடித்துக்கொண்டிருந்தபோது சிந்திவிட்டான்," என்றார்.

"சுற்றிவரவா சிந்தினான்?" என்று தொத்தொரேஸ்ஸா கேட்டார்.

நான் போய் மிச்சப் புளிப் பையைக் கொண்டுவந்தேன். அவர் ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்தார். ஒரு கண் தானாக மூடியது. கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தார். "முதலில் என்ன, பிறகு என்ன? எல்லாவற்றையும் சொல்."

சொன்னேன். சவர்க்காரம், புளி, உப்பு, பச்சை நார், தேங்காயெண்ணெய். ஒன்றையும் விடவில்லை.

"எவ்வளவு நேரம் விட்டாய்?"

"ஒரு செபமாலை."

அவருடைய பேனை நின்றது. தொன் கலோஜெரோ மட்டும் தொழில் முறையில் கேட்டார்: "எந்தத் தேவ இரகசியம்?"

"மகிழ்ச்சி, சுவாமி."

"துக்கத்தைச் சொல்லியிருக்க வேண்டும்," என்றார்.

முதலில் சோதித்துப் பார்த்தேன் என்பதையும் சொன்னேன். எங்கே என்று கேட்டார். ஊதாச் சிவப்பு வட்டத்தைக் காட்டினேன். தொத்தொரேஸ்ஸா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கோயில் முழுதிலும் புளிக்கு அசையாத கல்லைத் தேடிப் பிடித்துச் சோதித்திருக்கிறாய்," என்றார். "இது எரிமலை நெருப்பில் பிறந்த கல். சுவரும் தூணும் வேறு. அவை சுண்ணாம்பின் குடும்பம். புளிப்பு எதுவும் அவற்றைத் தின்னும். அந்த அணையைத் தாண்டி ஒரு துளி வழிந்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்."

பிறகு இருவரும் ஒரு பக்கமாகப் போய்க் கதைத்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றேன். (ஜெசிந்தா சொன்னதை அன்றைக்குத்தான் செய்தேன்.) கதைத்ததில் அறுபது வீதம் கேட்டது. அந்தக் கறுப்பு அரசர் காலத்தது அல்ல. எனக்கு முன் இருந்தவர்கள் தரைமெழுகு, தளபாட எண்ணெய், இன்னும் என்னென்னவோ பூசிப் பூசி வந்தது. தொத்தொரேஸ்ஸா வருடக்கணக்காகக் கேட்டும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"இவனை அனுப்பினால் அடுத்தவன் வருவான்," என்றார் அவர். "அவன் அமிலப் போத்தலோடு வருவான், கேட்டால் நானில்லை என்பான். இவன் நேரத்தைக்கூட மறைக்கவில்லை. இனிமேல் இவன் இந்தக் கோயிலில் ஒரு கல்லைத் தொடுவானென்றா நினைக்கிறீர்கள்?"

மூன்று மாதம் அவருக்கு வாளி தூக்கினேன். எண்ணெய்க் கறையை இழுத்தெடுக்கக் காகிதக் கூழைக் குழைத்துத் தூணில் அப்பினோம். கறை போனது, வேட்டி போகவில்லை. மினுக்கினால் இன்னும் கல் போகும், இப்படியே இருக்கட்டும் என்றார். எந்தக் கல் எங்கிருந்து வந்தது, எது எதைத் தாங்கும் என்பதை வாளிக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். கொன்றாத்தோ வந்தது. அதன் கடைசியில், தொன் கலோஜெரோ தன் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்: ஊழியர் உண்ணக்கூடிய எதையும் கோயிலுக்குள் கொண்டுவரக் கூடாது. பொலிஸ் அலுவலகமான கெஸ்தூராவில் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி அலுவலுக்கு அதைக் கொடுத்தபோது அந்தப் பொலிஸ்காரி அந்த வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள்.

ஜெசிந்தா வந்து இறங்கியதும் கடலைப் பார்க்கக் கேட்கவில்லை. "அந்தத் தூணைக் காட்டுங்கோ," என்றாள். பக்கத்தில் நின்று கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "குதிக்கால் தூக்கியும் பூசியிருக்கிறியள்," என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எவரும் நிமிடக் கணக்குச் சொல்வதில்லை. ரசம் கொதிக்க அரைச் செபமாலை, நான் குளித்துவிட்டு வர முழுச் செபமாலை.

இப்போது சுற்றுலாக்காரரைக் கூட்டிவரும் வழிகாட்டிகள் அந்தத் தூணுக்கு முன் நின்று, அந்த வெளுப்பு நூற்றாண்டு நூற்றாண்டாக யாத்திரிகர்கள் தொட்டுத் தொட்டு வந்தது என்கிறார்கள். நான் வாசலில் நின்று மேலே வளைவைப் பார்ப்பேன். அப்படியே போயிருக்கும். போன வருடம் மகள் மரீனாவின் வகுப்பைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வழிகாட்டி அதே கதையைச் சொன்னார். மகள் கையை உயர்த்தி, சுத்தமான பலேர்மோ இத்தாலியனில், "இல்லை, அது என் அப்பா," என்றாள்.

அன்று ஆசிரியை அவள் கொப்பியில் எழுதி அனுப்பியிருந்தார்: 'உங்கள் மகளுக்குக் கற்பனை வளம் அதிகம். வரலாற்றை மதிக்கக் கற்றுக்கொடுக்கவும்.' கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

நான் மேசையில் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு பேனையைத் தேடினேன். குசினிக்குள்ளிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது.

"பேனை கிடைக்காட்டிச் சொல்லுங்கோ. புளி கரைச்சுத் தாறன்."